கோயில் மண்டபத்தில் ஒரு விண்ணப்ப மேசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துக் கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் மேட்ரிக் (12-ஆம் கிரேடு) பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்வதில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், வெருலம், டொங்காட் என்று பல ஊர்களில் 'கேரியர் டே' நடக்கிறது. பேச்சாளர் வருகிறார், துண்டறிக்கை கொடுக்கிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள். ரிசல்ட் வந்ததும் அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு மேடையில் மாலையும் காசோலையும் கிடைக்கின்றன. ஆனால் மாலை வாங்குகிற பிள்ளை, மாலை போடாவிட்டாலும் பல்கலைக்கழகம் போகத்தான் போகிறது. வீட்டில் இதுவரை ஒருவரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளை அந்தத் துண்டறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அத்தோடு சரி. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சொற்பொழிவு அல்ல. விண்ணப்பம் போய்ச் சேரும்வரை பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஓர் ஆள்தான் வேண்டும். அந்த ஆளை உட்கார வைக்கக் கோயில் மண்டபத்தில் ஒரு விண்ணப்ப மேசை போடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2008-இல் ஒஹாயோ, வட கரோலினா மாநிலங்களில், வருமான வரிக் கணக்குக் கொடுக்க வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்குக் கல்லூரி நிதியுதவி பற்றிய தகவலை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அங்கேயே உட்கார வைத்து நிதியுதவிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். படிவம் நிரப்பிக் கொடுத்த வீடுகளில், பள்ளியின் கடைசி ஆண்டில் இருந்த பிள்ளைகள் கல்லூரியில் சேரும் விகிதம் ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளி கூடியது. தகவல் மட்டும் கிடைத்த வீடுகளில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. நம் கேரியர் டே தகவல் மட்டும் கொடுக்கும் வகையைச் சேர்ந்தது.

யாருக்கு உதவுவது என்பதிலும் அங்கே ஒரு தெளிவு உண்டு. 1960-களின் நடுவில் தொடங்கிய 'அப்வர்ட் பவுண்ட்' எனும் கல்லூரித் தயாரிப்புத் திட்டத்தில் சேர்க்கப்படும் மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏழைக் குடும்பத்தவராகவும், வீட்டில் முதல் பட்டதாரி ஆகக்கூடியவராகவும், இரண்டும் ஒருசேர இருக்க வேண்டும் என்பது விதி. முதல் மதிப்பெண் என்பது அங்கே அளவுகோல் அல்ல. நம் நாட்டிலேயே கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் '100-அப்' திட்டம் கயலிட்ஷா எனும் ஏழைக் குடியிருப்பின் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை 10-ஆம் கிரேடிலேயே எடுத்து மேட்ரிக் வரை கூடவே நடக்கிறது. மேட்ரிக் ஆண்டு செப்டம்பரில் விழித்துக்கொள்வது தாமதம் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

உண்மையில் முதல் கதவு 9-ஆம் கிரேடின் இரண்டாம் பாதியில் மூடுகிறது. மேட்ரிக்குக்கு ஏழு பாடங்கள்: இரண்டு மொழி, லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கைத் திறன் பாடம்), கணிதம் அல்லது மேத்ஸ் லிட் (அன்றாடக் கணக்குகளைச் சொல்லித் தரும் எளிய பாடம்), விருப்பப் பாடம் மூன்று. கணிதத்தில் தடுமாறும் பிள்ளையிடம் "மேத்ஸ் லிட் எடுத்துக்கொள், சுலபமாகப் பாஸ் ஆகலாம்" என்று சொல்வது பள்ளியின் தேர்ச்சி விகிதத்துக்கு வசதி. பிள்ளைக்கு என்ன ஆகிறது? பொறியியல், மருத்துவம், கணினி, இயற்கை அறிவியல், கணக்கியல் பட்டம் எல்லாம் அன்றே முடிந்துபோகின்றன. கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு 10-ஆம், 11-ஆம் கிரேடில் இறங்கலாம். திரும்ப ஏறுவது அநேகமாக முடியாத காரியம். ஆகவே 9-ஆம் கிரேடில் சந்தேகம் இருந்தால் கணிதத்தை எடுத்துவிட்டு ஓராண்டு முயன்று பார்ப்பதே நல்லது. தானே படித்திராத தாய் தகப்பனுக்கு இந்த இரண்டு பாடங்களின் பெயரும் ஒன்றுபோலத்தான் கேட்கும். கையெழுத்துக் கேட்டுப் படிவம் வரும்போது யாராவது ஒருவர் வீட்டுக்கே போய் வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களைவிட இதற்குத் தகுந்தவர்கள் கிடையாது. பிள்ளையையும் தெரியும், வீட்டையும் தெரியும்.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. 'பேச்சலர் பாஸ்', அதாவது பட்டப்படிப்புக்குத் தகுதி தரும் தேர்ச்சி, வேண்டுமானால், லைஃப் ஓரியன்டேஷன் நீங்கலாக நான்கு பாடங்களில் 50 சதவீதம் வேண்டும். வீட்டுமொழிப் பாடத்தில், நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம், 40 வேண்டும். ஆனால் பேச்சலர் பாஸ் என்பது வரிசையில் நிற்க ஒரு சீட்டு மட்டுமே. இடம் கிடைப்பது ஏ.பி.எஸ். எனும் சேர்க்கைப் புள்ளியைப் பொறுத்தது. 80-உம் அதற்கு மேலும் வாங்கினால் 7 புள்ளி, 70-க்கு 6, 60-க்கு 5, 50-க்கு 4, 40-க்கு 3, 30-க்கு 2, அதற்குக் கீழே 1. ஒரு பிள்ளை ஆங்கிலம் 65, இசிசூலு (சூலு மொழி) 58, கணிதம் 52, இயற்பியல் 48, உயிரியல் 61, புவியியல் 70 வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5, 4, 4, 3, 5, 6, ஆக 27. லைஃப் ஓரியன்டேஷனில் 80 வாங்கியிருந்தாலும் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் அதைப் புள்ளியில் சேர்ப்பதில்லை. இனி, இந்தப் பிள்ளை ஆறு மதிப்பெண் பாடுபட்டுக் கணிதத்தை 58 ஆக்கினால் புள்ளி 27-லேயே நிற்கும். இரண்டே மதிப்பெண் ஏற்றி இயற்பியலை 50 ஆக்கினால் 28. தனிவகுப்புக்குப் பணம் ஒரு பாடத்துக்குத்தான் இருக்கிறது என்றால் எந்தப் பாடம் என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். (கேட்கும் படிப்புக்குக் குறிப்பிட்ட பாடத்தில் தனியாகக் குறைந்தபட்சம் ஒன்று இருக்கும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இன்னொன்று. பல்கலைக்கழகங்கள் தற்காலிக இடம் கொடுப்பது 11-ஆம் கிரேடின் இறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான். "அடுத்த வருஷம்தானே மேட்ரிக்" என்று 11-ஆம் கிரேடு நவம்பர் ஆண்டிறுதிப் பரீட்சையைச் சாதாரணமாக விடும் வீடுகள் நம்மில் ஏராளம். அந்த நவம்பர்தான் விண்ணப்பத்தில் ஏறுகிறது. மேட்ரிக் மதிப்பெண்ணிலும் பெரும்பாலான பாடங்களில் கால் பங்கு பள்ளியிலேயே ஆண்டு முழுவதும் போடப்படுவது. ஒப்படைக்காமல் விட்ட ஒரு ப்ராஜெக்ட் பின்னால் பரீட்சையில் ஈடுகட்ட முடியாத ஓட்டையாகிவிடும். பழைய வினாத்தாள்கள் கல்வித் துறையின் இணையதளத்தில் விடைக்குறிப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சியாவுலா பாடநூல்களும் இலவசம். இவற்றை அச்செடுத்துக் கொடுக்க ஒரு சங்கத்துக்கு ஆகும் செலவு, மேடை அலங்காரச் செலவைவிடக் குறைவு.

இப்போது மேசைக்கு வருவோம். நம் கோயில் நாள்காட்டியும் விண்ணப்ப நாள்காட்டியும் பொருந்தி வருவதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது ஊரே மண்டபத்தில் இருக்கிறது. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான சி.ஏ.ஓ. விண்ணப்பத்தைப் போட அதுதான் சரியான காலம். பெரும்பாலான படிப்புகளுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. அதற்குப் பிறகு கட்டணம் ஏறும், இடமும் சுருங்கும். செப்டம்பர் 30 புரட்டாசியில் விழுகிறது. விரதமும் சனிக்கிழமைப் பூசையுமாக எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது, போதாததற்குப் பிள்ளைகளுக்கு ட்ரையல் பரீட்சை. ஆகவே புரட்டாசிக்குத் தள்ளாமல் ஆடியிலேயே முடித்துவிட வேண்டும். மருத்துவம் கேட்கும் பிள்ளைக்கு ஆடியும் தாமதம். அதற்கு ஜூன் இறுதியிலேயே கதவு மூடிவிடும். கேப்டவுன் போன்ற வெளி மாகாணப் பல்கலைக்கழகம் கேட்பவர்கள் தனியாக அங்கே விண்ணப்பித்து, அங்கே கேட்டால் என்.பி.டி. எனும் தேசியத் திறனறித் தேர்வுக்கும் பெயர் கொடுக்க வேண்டும். அதில் கால்குலேட்டர் அனுமதி இல்லை என்பதைத் தேர்வறையில் போய்த் தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு மேசைக்கு ஒரு மடிக்கணினி, நல்ல டேட்டா, ஸ்கேன் செய்ய ஒரு கைப்பேசி போதும். ஓர் உதவியாளர் ஒரு நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் பார்க்க முடியாது. பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், அதுவும் இரண்டு முறை. முதல் முறை காகிதங்களைச் சரிபார்க்க, இரண்டாவது முறை அனுப்ப. ஒரே நாளில் இரண்டையும் செய்ய முயன்றால் பாதிப் பிள்ளைகள் ஏதோ ஒரு காகிதம் இல்லாமல் திரும்பிப் போவார்கள், மறுபடி வரமாட்டார்கள்.

முதல் சந்திப்பில் பார்க்க வேண்டியது அடையாள அட்டை. 16 வயதானதும் ஐ.டி. எடுக்கலாம், முதல் அட்டைக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் மேட்ரிக்கில் ஐ.டி. இல்லாத பிள்ளைகள் உண்டு. இருந்தாலும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் 'முடலி', பள்ளிப் பதிவேட்டில் 'மூட்லி', அப்பாவின் அட்டையில் இன்னொன்று என்று நம் பெயர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு குமாஸ்தாவின் காதுக்குத் தகுந்தபடி எழுதப்பட்டவை. கணினி இதை மன்னிக்காது. உள்துறை அலுவலகத்தில் திருத்த மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் முதல் சந்திப்பை ஆடிக்கும் முன்னால், ஜூன் விடுமுறையில் வைத்தால் நல்லது என்கிறோம்.

அடுத்து மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும். இதில்தான் மிக அதிகம் பேர் விழுகிறார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்கே கடவு எண் வரும், இடம் கிடைத்த செய்தி வரும், நிதியுதவி முடிவும் வரும். ப்ரீபெய்டு சிம் தொலைந்து எண் மாறினால் பிள்ளை தன் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாது. ஆகவே விண்ணப்பத்துக்கென்று ஓர் எண்ணை, அம்மாவின் எண்ணானாலும் சரி, குறைந்தது பதினெட்டு மாதம் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். உதவியாளர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டு அனுப்பிவிடுவது மன்னிக்க முடியாத தவறு. பிப்ரவரியில் அவர் ஊரில் இருக்கமாட்டார், பிள்ளைக்கு வந்த கடிதம் அவருடைய பெட்டியில் கிடக்கும். மின்னஞ்சல், கடவுச்சொல், சி.ஏ.ஓ. எண் மூன்றையும் ஒரு நோட்டில் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். ஐ.டி. நகலைச் சங்கத்துக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும்.

சி.ஏ.ஓ.வில் ஆறு படிப்புகள் வரை வரிசைப்படுத்திக் கேட்கலாம். ஆறையும் ஒரே உயரத்தில் வைப்பதுதான் வழக்கமான பிழை. இரண்டு, புள்ளி கொஞ்சம் கூடுதலாகக் கேட்பவை; இரண்டு, இன்றைய மதிப்பெண்ணுக்கே கிடைப்பவை; மீதி, டிப்ளமோ அல்லது எக்ஸ்டெண்டட் படிப்பு. எக்ஸ்டெண்டட் என்றால் மூன்றாண்டுப் பட்டத்தை நான்காண்டாக விரித்து அடித்தளத்தோடு சொல்லிக் கொடுப்பது. அதை அவமானமாக நினைத்து வேண்டாம் என்னும் பெற்றோரிடம் பொறுமையாகப் பேசுங்கள். முடிவில் கிடைப்பது அதே பட்டம். விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டும்போது சி.ஏ.ஓ. எண்ணையே குறிப்பாகப் போட வேண்டும். பெயரைப் போட்டுக் கட்டினால் பணம் யாருடையது என்று தெரியாமல் நிற்கும்.

பிறகு பணம். அண்மை ஆண்டுகளில், அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் விண்ணப்பம் செப்டம்பரில் திறக்கிறது. இடத்துக்கான விண்ணப்பத்தை ஆடியிலேயே முடித்துவிட்டு, புரட்டாசிச் சனிக்கிழமை மேசையை இதற்கு மட்டும் வையுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் மொத்தமாக 3,50,000 ரேண்டுக்கு மேற்படாவிட்டால், அரசுப் பல்கலைக்கழகத்திலோ டிவெட் (தொழிற்கல்விக்கான அரசு) கல்லூரியிலோ படிக்க உதவி கிடைக்கும். மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 6,00,000. 3,50,000 என்றால் மாதம் 29,000-க்கும் சற்று மேல். "நாங்கள் அரசின் சாசா சமூக உதவித்தொகை வாங்குகிறவர்கள் இல்லையே, எங்களுக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விடும் தொழிலாளிக் குடும்பங்கள் இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்காதவை. 2018-க்கு முன்பு வரம்பு இதில் பாதிகூட இல்லை. பழைய நினைவில் பேசும் பெரியவர்கள் பிள்ளைகளைத் தடுத்துவிடுகிறார்கள்.

தந்தை விட்டுப் போன வீடுகளில் ஒரு சிக்கல் வரும். பிறப்புப் பதிவில் அவர் பெயர் இருப்பதால் அவர் வருமானமும் கணக்கில் சேர்ந்து விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அவர் குடும்பத்தைத் தாங்கவில்லை என்பதற்குச் சமூகப் பணியாளர் கையொப்பமிடும் உறுதிமொழிப் படிவம் உண்டு. அந்தக் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே போகச் சொல்லுங்கள். நிராகரிப்பு வந்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு நாள் வரம்பு உண்டு, ஆகவே 'ரிஜெக்டட்' என்று பார்த்த அன்றே தொடங்க வேண்டும். என்எஸ்ஃபாஸ் விண்ணப்பத்துக்கு ஒரு சென்ட் கட்டணமும் கிடையாது. பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர். பளபளப்பான விளம்பரத்தோடு வரும் தனியார் கல்லூரிகளுக்கு என்எஸ்ஃபாஸ் செல்லாது. அரசுப் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டவே வேண்டாம். ஆசிரியராக விரும்புபவர்களுக்கு ஃபுன்சா லுஷாக்கா உதவி தனியாக உண்டு. வாங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டும். வருமானம் 3,50,000-க்கும் 6,00,000-க்கும் இடையில் இருப்பவர்கள்தான் உண்மையில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்குக் கோயில் நிதியும் உதவ வேண்டியிருக்கும்.

பள்ளிக் கட்டணத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். நம் வட்டாரப் பள்ளிகள் பல கட்டணப் பள்ளிகள். கட்டணம் கட்டவில்லை என்று எந்தப் பள்ளியும் ரிப்போர்ட்டைத் தராமல் வைத்துக்கொள்ளக் கூடாது, சட்டம் அப்படி. சாசா குழந்தை உதவித்தொகை பெறும் வீட்டுக்குக் கட்டண விலக்கு உரிமையும் உண்டு. 11-ஆம் கிரேடு ரிப்போர்ட் கைக்கு வராததால் விண்ணப்பமே போகாமல் நிற்கும் பிள்ளைக்கு இந்த ஒரு தகவல் வாழ்க்கை.

கடைசியாகத் தை மாதம். காவடிக்கு விரதமிருக்கும் அதே நாள்களில் ரிசல்ட் வருகிறது, இடம் உறுதியாகிறது, பதிவு நடக்கிறது. இடம் கிடைத்தும் வகுப்புக்குப் போய்ச் சேராத ஏழைப் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவில் நிறைய ஆய்வு இருக்கிறது. இங்கேயும் காரணங்கள் அவையேதான். வந்த இடத்தை இணையத்தில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அழுத்த வேண்டும் என்பது தெரியாது. பதிவு நாளில் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று தெரியாது. என்எஸ்ஃபாஸ் ஒப்புதல் இருந்தாலும் கைச்செலவுத் தொகை வந்துசேரப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை சாட்ஸ்வர்த்திலிருந்து வெஸ்ட்வில் வளாகத்துக்கு டாக்சிக் காசு யார் கொடுப்பது? முதல் ஆறு வாரப் பயணச் செலவு என்பது ஒரு கோயில் நிதிக்குச் சின்னத் தொகை. மேடையில் கொடுக்கும் ஒரு பெரிய காசோலையைப் பத்துப் பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டணமாகவும் பிப்ரவரிப் பயணக் காசாகவும் பிரித்துக் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. எங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு ஜனவரியில் உயர்கல்வித் துறையின் சி.ஏ.சி.எச். சேவை திறக்கும், காலியிடங்களோடு பெயரைச் சேர்த்துவிடும். மதிப்பெண் போதாதவர்கள் மே-ஜூனில் திரும்ப எழுதலாம். டிவெட் கல்லூரியின் என்4 முதல் என்6 நிலை வரையான படிப்பும் நல்ல வழி. வணிகப் பிரிவில் டிப்ளமோ கைக்கு வர 18 மாத வேலை அனுபவமும் சேர வேண்டும் என்பதை மட்டும் சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

1929-இல் சாஸ்திரி கல்லூரி எழும்பியதும், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே அரசு உதவிபெறும் இந்தியப் பள்ளிகள் எழும்பியதும் நம்மவர்கள் கையிலிருந்த காசைப் போட்டதால்தான். ஒப்பந்தத் தொழிலாளியாக வந்த எம்.எல். சுல்தான் கொடுத்த பணத்தில் வளர்ந்த தொழில்நுட்பக் கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பாதி. 1961-இல் இந்தியர்களுக்கென்று கல்லூரியைச் சாலிஸ்பரி தீவில் ஒதுக்கியபோது பிள்ளைகள் படகேறிப் போய்ப் படித்தார்கள். இன்று கட்டடம் கட்ட வேண்டியதில்லை, படகும் வேண்டாம். ஒரு மேசையும் நான்கு சனிக்கிழமையும் வேண்டும்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். அமாவாசை, கார்த்திகை, விரத நாள்கள் வெளியிடும் பத்தியை இங்குள்ள கோயில் நிர்வாகிகள் தவறாமல் வெட்டி அலுவலகத்தில் ஒட்டிவைக்கிறார்கள். அதே பத்தியில் மருத்துவ விண்ணப்பத்தின் கடைசி நாள், சி.ஏ.ஓ. கடைசி நாள், என்எஸ்ஃபாஸ் திறக்கும் நாளும் மூடும் நாளும், மே-ஜூன் மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கும் நாள் ஆகியவற்றையும் ஒவ்வோர் ஆண்டும் சரிபார்த்துச் சேர்த்து வெளியிட முடியுமா?

இப்படிக்கு,
மாணவர் விண்ணப்ப உதவித் தன்னார்வலர்கள்,
சாட்ஸ்வர்த், டர்பன்.